வானொலியில் கேட்ட கைகள்: கோல் காவலர் ஆர். ஆறுமுகம்

கெடா தோட்டங்களில் 1970-களில் வளர்ந்தவர்களுக்கு ஆர். ஆறுமுகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அவர் ஆடியதை நேரில் பார்த்ததே இல்லை. ஆட்டம் நடக்கும் மெர்டேக்கா அரங்கம் கோலாலம்பூரில். தோட்டமோ கூலிம், பாடாங் செராய், பீடோங், குரூண், பாலிங் பக்கம். பஸ் பிடித்து பட்டர்வொர்த் போய், அங்கிருந்து தலைநகருக்கு ஏறி, ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாள் காலைப் பிரட்டுக்கு வந்து நிற்க யாரால் முடியும்? கோலா கெடாவில் மீன் வலை இழுத்தவருக்கும் அலோர்ஸ்டார் பட்டணத்தில் கடை வைத்திருந்தவருக்கும் கூட அது எட்டாத தூரம்தான். அவர்கள் அறிந்த ஆறுமுகம், காதால் அறிந்த ஆறுமுகம்.

மலேசியக் காற்பந்துக் குழுவின் கோல் கம்பங்களுக்கு நடுவில் 1970-களிலும் 80-களின் முற்பாதியிலும் நின்றவர் அவர். மாநில அளவில் சிலாங்கூருக்கு ஆடியவர். நாட்டுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களமிறங்கியவர். நீண்ட கைகளும் பந்தை நோக்கிப் பக்கவாட்டில் பறக்கும் பாணியும் அவருக்கு ஸ்பைடர்மேன் என்ற பட்டப்பெயரைப் பெற்றுத் தந்தன. 1953-இல் பிறந்து, 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். வயது 35.

அந்த நீண்ட கைகளைப் பார்க்காமலே ஒரு தலைமுறை எப்படி அவற்றை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் இவருடைய கதையில் சுவையான பகுதி. அதற்கு அன்றைய வானொலியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ரேடியோ மலாயா 1946-இல் தொடங்கியபோதே அதில் தமிழுக்கு ஓர் இடம் இருந்தது. 1950-களின் அவசரகாலத்தில் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்துக் கொடுத்தது. நோக்கம் பிரச்சாரம்தான், ஆனால் மாலையில் பெட்டியைச் சுற்றி உட்காரும் பழக்கம் அப்போது வந்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. பேட்டரியில் ஓடும் பெட்டி என்பதால் மின்சாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பல தோட்டங்களில் அப்போது லயத்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே கிடைக்கும். விளக்கு அணைந்த பிறகும் டிரான்சிஸ்டர் பேசிக்கொண்டிருக்கும். பேட்டரி களைத்துப் போனால் அதைக் கழற்றி வெயிலில் வைப்பார்கள். அடுத்த ஆட்டம் வரைக்கும் தாங்கினால் போதும்.

தமிழ் ஒலியலையில் பாட்டு, நாடகம், செய்தி எல்லாம் உண்டு. ஆனால் காற்பந்து நேர்முக வர்ணனைக்கு முள்ளை மலாய் ஒலியலைக்குத் திருப்ப வேண்டும். உலாசான் செலாரி என்று மலாயில் அதற்குப் பெயர். ஆட்டம் ஓட ஓட, கூடவே ஓடும் பேச்சு. தோட்டத்து மக்களுக்குக் கடைத்தெரு மலாய் தெரியும். வர்ணனையாளர் பேசும் வேகமான மலாய் எல்லாருக்கும் பிடிபடாது. ஆனாலும் காற்பந்துக்கு வேண்டிய சொற்கள் குறைவு. போலா என்றால் பந்து. செப்பாக்கான் பெஞ்சுரு என்றால் கார்னர். பெஞ்சாகா கோல் என்றால் கோல் காவலர். இந்தப் பத்துப் பதினைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டால் மிச்சத்தை ஆட்டக்காரர்களின் பெயர்களும் குரலின் ஏற்ற இறக்கமும் சொல்லிவிடும். பள்ளியில் மலாய் படித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் பெரியவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்.

வானொலியில் கோல் காவலர் என்பவர் ஒரு தனி வகைப் பாத்திரம்.  அரங்கத்தில் இருந்தால் பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதும் அவர் இந்தப் பக்கம் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். வானொலியில் அப்படி இல்லை. பந்து யார் காலில் இருக்கிறதோ அவர் பெயர்தான் ஒலிக்கும். நடுத்திடலில் பத்து நிமிடம் பந்து சுற்றினால் பத்து நிமிடமும் கோல் காவலர் இல்லாத மனிதர். எதிரணி முன்னேறி, வர்ணனையாளரின் மூச்சு ஏறி, ஒரு உதை விழுந்த பிறகுதான் அந்தப் பெயர் வரும். ஆபத்து வரும்போது மட்டும் கூப்பிடப்படும் பெயர் அது.

உதைக்கும் பெயருக்கும் நடுவில் அரை விநாடி. அந்த அரை விநாடியில் முதலில் வந்து சேர்வது வர்ணனையாளரின் சொல் அல்ல, அரங்கத்தின் சத்தம். மெர்டேக்கா அரங்கத்தில் எதிரணி உதைத்த பிறகு கூட்டம் ஆர்ப்பரித்தால் பந்து பிடிபட்டது. கூட்டம் அடங்கிப் போனால் பந்து வலைக்குள். தோட்டத்து ரசிகர்கள் இதை நன்றாகப் படித்து வைத்திருந்தார்கள். ஆர்ப்பரிப்பு வந்ததும் இங்கேயும் கைதட்டல் எழும். அதற்குப் பிறகுதான் பெயர் வரும். மலாய் நாவில் நம்முடைய நெடில் கொஞ்சம் குறுகி, அருமுகம் என்று. அந்தக் குறுகிய உச்சரிப்போடுதான் அந்தப் பெயர் பல வீடுகளில் நிலைத்தது.

அந்தப் பெயர் அந்தக் காலத்தில் ஒலித்ததற்கு இன்னொரு கனமும் இருந்தது. ஆறுமுகம் பிறந்த 1953-இல் மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்கவில்லை. அவருக்கு நான்கு வயதானபோது சுதந்திரம் வந்தது. குடியுரிமை எல்லாருக்கும் அதே நாளில் வந்துவிடவில்லை. விண்ணப்பிக்க வேண்டும், பிறப்புப் பத்திரம் வேண்டும், மொழித் தேர்வு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்து மக்களில் பலர் அந்தப் பாரங்களை நிரப்பாமலே விட்டுவிட்டார்கள். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு நீல அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்றானது. சிவப்பு அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் பல ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். கெடாவில் எத்தனையோ லயங்களில் ஒரு வீட்டில் தாத்தா போய்விட்டார், மகன் இருந்தார் என்ற கதை உண்டு.

அந்த நேரத்தில்தான் ஆறுமுகம் இளைஞராக காற்பந்துக்குள் வருகிறார். சில ஆண்டுகளில் நாட்டின் தேசிய ஒலியலையில், நாட்டின் கோல் கம்பத்துக்குக் காவலாக, ஒரு தமிழ்ப் பெயர் ஒலிக்கத் தொடங்குகிறது. சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் டஹாரி, ஆறுமுகம் என்று ஒரே மூச்சில் பெயர்கள். இதில் ஒற்றுமை என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. வர்ணனையாளர் ஆட்டக்காரர் பட்டியலைத்தான் வாசித்தார். ஆனால் வேலை பெர்மிட்டுக்காக அலைந்து திரும்பிய ஒரு வீட்டில் அந்தப் பட்டியல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

சிலாங்கூர் அணி அப்போது யாராலும் அசைக்க முடியாத அணியாக இருந்தது. 1921-இல் தொடங்கிய எச்.எம்.எஸ். மலாயா கிண்ணம் 1967-இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. அந்தக் கிண்ணத்தை 1970-களிலும் 80-களிலும் சிலாங்கூர் திரும்பத் திரும்ப வென்றது. முன்னால் மொக்தார் டஹாரி கோல் அடிக்க, பின்னால் ஆறுமுகம் காத்தார். மொக்தாரைப் பற்றி எழுதப்பட்டது அதிகம், அது நியாயமும்தான். கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். தடுத்தவருக்குக் கணக்கு இல்லை. எத்தனை கோல் விட்டார் என்று மட்டும் எண்ணுவார்கள். காவலர் வேலையின் சாபம் அது. காற்பந்திலும் தோட்டத்திலும் அப்படித்தான்.

மலேசியக் கிண்ணத்தில் கெடா தமிழர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மாநிலப் பற்று என்றால் கெடா ஜெயிக்க வேண்டும். கெடாவுக்கு அலோர்ஸ்டாரில் டாருல் அமான் அரங்கம், பச்சை மஞ்சள் சட்டை, உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள். எதிரணி சிலாங்கூர் என்றால் கோல் கம்பத்தில் நிற்பது நம்முடைய ஆள். கெடா கோல் அடிக்க வேண்டும், ஆறுமுகம் தோற்கக் கூடாது. இரண்டும் நடக்காது என்று தெரிந்தும் ஒரே மனதில் இரண்டையும் விரும்பியவர்கள் இங்கே இருந்தார்கள். மலேசியா விளையாடினால்தான் அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தானோ என்னவோ மெர்டேக்கா போட்டி வரும் மாதம் தோட்டங்களில் தனி உற்சாகம்.

மெர்டேக்கா போட்டிக்கும் கெடாவுக்கும் ஒரு தொப்புள்கொடி உறவு உண்டு. அலோர்ஸ்டாரில் 1903-இல் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், அரசியலுக்கு வருமுன் கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். பந்தைக் கண்டால் விடமாட்டார். நாட்டின் காற்பந்துச் சங்கத் தலைவராகவும் இருந்தார், நாட்டின் முதல் பிரதமராகவும் ஆனார். பின்னர் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பையும் தலைமை தாங்கினார். சுதந்திரப் பிரகடனத்துக்காகக் கட்டப்பட்ட மெர்டேக்கா அரங்கம் 1957 ஆகஸ்டு 30-ஆம் தேதி திறக்கப்பட்டது. மறுநாள் காலை அங்கே பிரகடனம். அதே ஆண்டு அதே திடலில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. ஆசியாவின் பெரிய அணிகள் வந்து ஆடும் அந்தப் போட்டியை மலேசியா 1973, 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் வென்றது. ஆறுமுகத்தின் காலம் அதுதான்.

1974 செப்டம்பரில் தெஹ்ரானில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆறுமுகம் இடம்பெற்றிருந்த மலேசிய அணி மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் வட கொரியாவை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றது. ஆசிய விளையாட்டில் மலேசியக் காற்பந்துக்கு இன்றுவரை அதற்கு மேல் ஒரு பதக்கம் இல்லை. 1977-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தாய்லாந்தை 2-0 என்று வென்று தங்கம். 1979-இல் ஜகார்த்தாவில் இறுதி ஆட்டம், எதிரே போட்டியை நடத்திய இந்தோனேசியாவே. அரங்கம் நிறைய எதிரணியின் கூட்டம். மலேசியா 1-0 என்று வென்றது; 90 நிமிடமும் மலேசிய வலைக்குள் ஒரு பந்தும் போகவில்லை. இப்படிப்பட்ட வெளியூர் ஆட்டத்தில் தோட்டத்து ரசிகர்களின் பழைய கணக்கு தலைகீழாகிவிடும். கூட்டம் ஆர்ப்பரித்தால் பயப்பட வேண்டும், அடங்கினால் மூச்சு விடலாம்.

ஆனால் ஆறுமுகத்தின் பெயரோடு முதலில் நினைவுக்கு வருவது 1980 தான்.

மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு ஆசியாவிலிருந்து தகுதி பெறும் சுற்றுகளில் ஒன்று அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியா, தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை என்று ஆறு அணிகள். மலேசியா 1972-இல் மூனிக் ஒலிம்பிக்கிற்குப் போன அணி. ஆனால் தென் கொரியாவையும் ஜப்பானையும் ஒரே குழுவில் வைத்துக்கொண்டு மேலே வருவது எளிதல்ல. ஜப்பானோடு சமநிலை, மற்ற எல்லாரையும், தென் கொரியா உட்பட, மலேசியா வென்றது. முதலிடம் பிடித்தும் வேலை முடியவில்லை. முதல் இரண்டு அணிகளுக்கு இடையே இன்னோர் ஆட்டம் என்பது விதி. ஆக ஒரு முறை வென்ற தென் கொரியாவையே மறுபடியும் வெல்ல வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, மெர்டேக்கா அரங்கம். அணித்தலைவர் சோ சின் ஆன், தற்காப்பில் சந்தோக் சிங், முன்னால் சபாவிலிருந்து வந்த ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும், கோல் கம்பத்தில் ஆறுமுகம். அந்த இரண்டு சபாக்காரர்களின் இணை அன்றைய வர்ணனைக்கு ஏற்ற இணை. ஹசான் சானி பக்கவாட்டில் ஓடத் தொடங்கினால் வர்ணனையாளரின் குரலும் கூடவே ஓடும்.

தொலைக்காட்சி அப்போது வந்துவிட்டது. தோட்டத்தில் ஒன்றிரண்டு வீடுகளில் இருந்தது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கார் பேட்டரியை வைத்து ஓட்டினார்கள். அந்த வீடுகளின் வாசலில் கூட்டம் வழியும். உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கும், பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலையில் இருந்தவர்களுக்கும், லாரி ஓட்டுநர்களுக்கும் வானொலிதான். ஒரே ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களும் காதால் பார்த்தவர்களும் மறுநாள் சேர்ந்து பேசினால் இரண்டும் வேறு வேறு ஆட்டம் போல இருக்கும். காதால் பார்த்தவர்களின் ஆட்டத்தில் ஆறுமுகத்தின் கை இன்னும் ஒரு முழம் நீளம்.

இரு அணிகளும் ஆளுக்கு ஒரு கோல். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கோல் காவலரின் வேலை மிகக் கடினம். முன்னணி ஆட்டக்காரர் பத்து வாய்ப்பில் ஒன்றை அடித்தால் வீரர். காவலர் பத்தில் ஒன்றை விட்டால் தோல்விக்குக் காரணம் அவர். தென் கொரியர்கள் ஓய்வில்லாமல் ஓடும் வகை. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் இன்னும் வேகமாக ஓடுவார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் தள்ளினார். 2-1. மிச்ச நிமிடங்களை மலேசியா தாக்குப் பிடித்தது. மாஸ்கோவுக்கு வழி திறந்தது.

அந்த வழியில் அவர்கள் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தது. அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது, பல நாடுகள் சேர்ந்தன, மலேசியாவும் சேர்ந்தது. அரசியல் காரணம் சரியா தவறா என்பது தனி வாதம். ஒரு நாட்டை இன்னொரு நாடு ஆக்கிரமித்தால் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கண்டனத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் இந்த ஆட்டக்காரர்கள். மலேசியாவின் இடத்தில் ஈராக் போனது, காலிறுதி வரை ஆடியது. ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. கோல் காவலருக்கு அது முதிரும் வயது. மூனிக்குக்குப் போன 1972 அணியில் அவர் இல்லை. மாஸ்கோ போயிருந்தால் அது அவருடைய முதல் ஒலிம்பிக். அதன் பிறகு மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை.

ஒலிம்பிக் பந்தயங்கள் அந்த ஜூலையில் வானொலியிலும் வந்திருக்க வேண்டியவை. மாஸ்கோவிலிருந்து ஒரு வர்ணனையாளர் அருமுகம் என்று சொல்லி, அது பீடோங்கில் ஒரு லயத்து வாசலில் கேட்டிருக்கும். அது நடக்கவில்லை.

பிறகும் அவர் ஆடினார். 80-களின் நடுப்பகுதி வரை நாட்டுக்கு, சிலாங்கூருக்கு. இளைய காவலர்கள் வந்துகொண்டிருந்தார்கள். சந்தோக், சோ சின் ஆன், மொக்தார் என்று அந்தப் பழைய பட்டியல் ஒவ்வொரு பெயராகச் சுருங்கியது. அந்தத் தலைமுறையின் பணக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் பகலில் வேலை பார்த்து மாலையில் பயிற்சிக்குப் போன ஆட்டக்காரர்கள். மலேசியாவில் பகுதி நேரத் தொழில்முறை லீக் தொடங்கியது 1989-இல். முழுத் தொழில்முறை 1994-இல். இன்று ஒரு சாதாரண லீக் ஆட்டக்காரர் வாங்கும் சம்பளத்தைப் பார்த்தால், நாட்டின் கோல் கம்பத்தைப் பத்தாண்டுக்கு மேல் காத்தவர் எதற்காக ஆடினார் என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

அந்த லீக் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1988 டிசம்பர் 18, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலை விபத்து அவரைக் கொண்டுபோனது. களத்தை விட்டு வந்து அதிக காலம் ஆகவில்லை. பயிற்றுநராக அடுத்த தலைமுறைக் காவலர்களை உருவாக்கும் வயது. எத்தனையோ பந்துகளுக்கு எதிராகப் பறந்த மனிதரின் முடிவு, நம் நாட்டில் ஒவ்வொரு வாரமும் எங்கோ ஒரு குடும்பத்தில் நடக்கும் சாலைச் சாவாக இருந்தது. கெடாவில் அவர் பெயரை வாழ்நாள் முழுதும் வானொலியில் கேட்டவர்களில் பலருக்கு அந்தச் செய்தியும் வானொலி வழியாகத்தான் வந்தது. மூன்றாண்டுக்குள், 1991 ஜூலையில், மொக்தார் டஹாரியும் நோயால் காலமானார். அந்த இரண்டு சாவுகளோடு ஒரு காலம் முடிந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். அதில் மிகை அதிகம் இல்லை.

இடையில் கெடா விழித்துக்கொண்டது. 1987, 88, 89 என்று மூன்று ஆண்டுகள் வரிசையாக மலேசியக் கிண்ண இறுதிக்குப் போய் மூன்றிலும் கோலாலம்பூரிடம் தோற்ற கெடா, 1990-இல் முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது. இறுதியில் வீழ்த்தியது சிலாங்கூரை, 3-1 என்று. அந்த ஆட்டத்தில் கெடா தமிழர்களுக்குப் பழைய சங்கடம் இல்லை. எதிர்ப்பக்கக் கோல் கம்பத்தில் ஆறுமுகம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் துங்கு மறைந்தார்; அலோர்ஸ்டார் அருகே லங்காரில் அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆறுமுகத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் தேடினால் கிடைப்பது சில வரிகள். நம் இளைஞர்களில் பலருக்கு அவரை மீண்டும் கொண்டுவந்தது 2016 ஜனவரியில் வெளிவந்த ஓலா போலா என்ற திரைப்படம். சியூ கெங் குவான் இயக்கியது. 1980 அணியைத் தழுவிய கதை. பெயர்களும் குடும்பங்களும் கற்பனை. அதில் கோல் காவலர் முத்துக்குமார் என்ற தமிழ் இளைஞர், சரண் குமார் நடித்த பாத்திரம். ஆட்டக்காரர்களுக்கு நிகராக அந்தப் படத்தில் இன்னொரு பாத்திரத்துக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். விளையாட்டு வர்ணனையாளர் ரஹ்மான். பிரோன்ட் பாலாராயே நடித்தார். அரங்கத்துக்குள் வர முடியாத மக்களுக்குப் பந்து போகும் இடத்தைக் குரலால் காட்டுபவர். படத்தின் ஆட்டம் பாதி அவர் வாயில்தான் நடக்கிறது. அதைத் திரையரங்கில் பார்த்த அறுபது வயதுக்காரர்களுக்கு அந்தப் பாத்திரம் எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள்தான் விளக்கினார்கள்: முத்துக்குமாரின் உண்மைப் பெயர் ஆறுமுகம், சிலாங்கூர் ஆள், கை மிக நீளம்.